இடம்பெயரும் அணிகள், இடம்பெயரா மைதானங்கள்: சேலம் ஸ்பார்டன்ஸ் அணியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டியில் 2021 முதல் சேலத்தின் பெயரால் ஆடிவரும் சேலம் ஸ்பார்டன்ஸ் அணி, அதற்கு முன் தூத்துக்குடியின் பெயரால் ஆடிய அணியின் இடத்தைப் பெற்றதாகும். ஓர் ஊரின் இழப்பு மற்றோர் ஊரின் வரவாக அமைந்த இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு, தொழில்முறை விளையாட்டு அணிகளின் இடமாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அது எப்போது அச்சமாகவும் துயரமாகவும் உணரப்படுகிறது, எப்போது ஓசையின்றிக் கடந்துபோகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கால்பந்து அணியும் இங்கிலாந்து, அமெரிக்க அணிகள் சிலவும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சேலம், தூத்துக்குடி, உரிமையணி, இடமாற்றம், வாழப்பாடி மைதானம், கால்பந்து, ஊர்ப்பெயர்.

முன்னுரை

ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கிய விளையாட்டு அணி அந்நகரத்திற்கே உரியது என்று மக்கள் கருதுகின்றனர். சட்டத்தின் பார்வையில் அவ்வாறு இருப்பதில்லை. அணி ஒரு நிறுவனத்தின் உடைமை. அந்த நிறுவனம் விரும்பினால், போட்டியை நடத்தும் அமைப்பும் இசைந்தால், அணி வேறு நகரத்திற்குச் செல்லலாம். மேலை நாடுகளில் இத்தகைய இடமாற்றங்கள் பெரும் போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் காரணமாயின. தமிழகத்திலும் அணிகள் இடம்பெயர்ந்துள்ளன. ஆயினும் அவை வரலாற்று ஆய்வில் தனிக் கவனம் பெறவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளி இவ்வாய்வுக்குப் பொருத்தமான களம். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. இப்பகுதிக்குத் தன் பெயரில் ஒரு தொழில்முறை அணி கிடைத்தது 2021-இல்தான். அதுவும் புதிதாகப் பிறந்த அணியாக வரவில்லை. வேறோர் ஊரிலிருந்து பெயர்ந்து வந்தது. வந்தது போலவே அது போகவும் கூடும் என்ற வினா அதன் பிறப்பிலேயே அடங்கியுள்ளது. அவ்வினாவுக்குச் சேலத்தின் தரப்பிலிருந்து என்ன விடை இருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் மையம்.

உரிமையணி என்னும் அமைப்பு

இந்தியாவில் கிரிக்கெட் நெடுங்காலம் ஆட்சிப் பகுதிகளை ஒட்டி அமைந்தது. ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடு என்பது ஒரு சங்கத்தின் அணி. மாவட்டங்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. இத்தகைய அணி இடம்பெயர்வதற்கில்லை. நிலமே அதன் அடையாளம்.

2008-இல் தொடங்கிய இந்தியன் பிரீமியர் லீக் இந்த அமைப்பின் அருகிலேயே வேறோர் அமைப்பை நிறுவியது. நகரங்களின் பெயரில் அணி நடத்தும் உரிமை ஏலத்தில் விற்கப்பட்டது. உரிமையைப் பெற்ற நிறுவனம் வீரர்களை விலைக்கு எடுத்தது. இவ்வகை அணியை இக்கட்டுரை ‘உரிமையணி’ என்று குறிக்கிறது. உரிமையணிக்கும் நகரத்திற்கும் இடையே பெயர், மைதானம், வீரர், பார்வையாளர் என நான்கு இணைப்புகள் இருக்கக்கூடும். இவற்றுள் பெயர் மட்டுமே ஒப்பந்தத்தால் உருவாவது. ஏனைய மூன்றும் காலப்போக்கில் வளர வேண்டியவை. ஓர் அணி இடம்பெயரும்போது ஊர் எவ்வளவு இழக்கிறது என்பதை, இந்நான்கில் எத்தனை உருவாகியிருந்தன என்பதே தீர்மானிக்கிறது.

பெயர்கள் நகர்ந்த வரலாறு: 2016 – 2021

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியைத் தொடங்கியது. சென்னைக்கு வெளியே தொழில்முறை கிரிக்கெட்டைக் கொண்டுசெல்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. முதல் பருவத்தில் சேப்பாக்கம், திருவள்ளூர், காஞ்சி, திண்டுக்கல், மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி, கோவை ஆகிய எட்டுப் பெயர்களில் அணிகள் ஆடின. சேலத்தின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

2021 பருவத்தின் பட்டியல் வேறாக இருந்தது: சேப்பாக்கம், திண்டுக்கல், மதுரை, கோவை, திருச்சி, நெல்லை, திருப்பூர், சேலம். எட்டில் நான்கு ஊர்ப்பெயர்கள் மறைந்து நான்கு புதிதாக வந்திருந்தன. காஞ்சியின் பெயரில் தொடங்கிய அணி திருச்சிக்குச் சென்றது. விட்டுச்சென்ற காஞ்சிப் பெயரைத் திருவள்ளூர் அணி 2018-இல் ஏற்றது; பின்னர் அதே அணி நெல்லையாயிற்று. காரைக்குடி திருப்பூர் ஆனது. தூத்துக்குடியின் இடத்தைச் சேலம் பெற்றது. 2020-இல் பெருந்தொற்றால் போட்டி நடைபெறவில்லை. ஆக, 2021 உட்பட ஆடப்பட்ட ஐந்து பருவங்களுக்குள் ஐந்து இடமாற்றங்கள் நிகழ்ந்துள்ளன.

இந்நகர்வில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. 2016-இல் மேற்குத் தமிழகத்திற்குக் கோவை என்ற ஒரே அணி இருந்தது. 2021-இல் கோவை, திருப்பூர், சேலம் என மூன்றாயின. வட மாவட்டங்களின் மூன்று பெயர்கள் சேப்பாக்கம் என்ற ஒன்றாகச் சுருங்கின. நெசவும் பின்னலாடையும் பொறித்தொழிலும் செழித்த மேற்குச் சமவெளியை நோக்கிப் பெயர்கள் நகர்ந்தன எனலாம்.

இதனினும் முக்கியமான ஒழுங்கு மைதானம் பற்றியது. 2016 முதல் 2019 வரை போட்டிகள் சென்னைச் சேப்பாக்கத்திலும், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும் நடைபெற்றன. பெயரை இழந்த திருவள்ளூர், காஞ்சி, காரைக்குடி, தூத்துக்குடி ஆகிய நான்கில் ஒன்றில்கூட ஒரு போட்டியும் நடைபெறவில்லை. மைதானம் பெற்றிருந்த சேப்பாக்கமும் திண்டுக்கல்லும் தம் பெயரை இழக்கவில்லை. அணியின்றிப் போட்டிகளை மட்டும் நடத்திவந்த திருநெல்வேலிக்கு ஓர் அணியே வந்துசேர்ந்தது. மதுரை, திருச்சி, திருப்பூர் ஆகியவை மைதானமின்றியும் அணி பெற்றிருந்தமையால் இதை விதியாகக் கொள்வதற்கில்லை. எனினும், போட்டி நடந்த ஊர் எதுவும் அணியை இழக்கவில்லை என்பது கருதத்தக்கது.

தூத்துக்குடியின் ஓசையற்ற இழப்பு

முதல் பருவத்தின் கோப்பையை வென்றது தூத்துக்குடி அணி. தினேஷ் கார்த்திக் தலைமையில் ஆடிய ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ், இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணியை 122 ஓட்டங்கள் வேறுபாட்டில் தோற்கடித்தது. அடுத்த ஆண்டும் அது இறுதிப் போட்டி வரை வந்து, அதே சேப்பாக்கம் அணியிடம் தோற்றது. வாஷிங்டன் சுந்தரின் ஆட்டம் பரவலாகக் கவனம் பெற்றதில் இவ்வணிக்காக அவர் ஆடிய 2017 பருவத்திற்குப் பங்குண்டு.

இவ்வளவு சிறப்புடைய அணி, தன் பெயருக்குரிய துறைமுக நகரத்தில் ஒரு நாளும் ஆடியதில்லை. தூத்துக்குடியைச் சேர்ந்த பார்வையாளர் ஒருவர் தம் ஊர் அணியைக் காணத் திருநெல்வேலிக்கோ திண்டுக்கல்லுக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. வீரர்களும் மாவட்டத்தை ஒட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மாநில அளவிலான தெரிவு முறையில் அணிகளுக்குப் பங்கிடப்பட்டவர்கள். நான்கு இணைப்புகளுள் பெயர் ஒன்றே உறுதியாக இருந்தது. அதுவும் நீங்கியபோது நகரில் வெறுமையாக நிற்க ஒரு மைதானம் இல்லை. ஆட்டமின்றிப் போன ஒரு மாலைப்பொழுதும் இல்லை.

இங்கு ஒரு வினா எழுகிறது. 2016-ஆம் ஆண்டுக் கோப்பை யாருக்கு உரியது? அணிகளின் மரபுவழியைப் பின்பற்றினால் அது சேலம் அணியின் முன்னோடி பெற்ற வெற்றி. ஊரைப் பின்பற்றினால் அது தூத்துக்குடியின் வெற்றி. அந்த வெற்றிக்குச் சேலம் உரிமை கோர இயலாது. தூத்துக்குடியிலோ அதைக் கோர ஓர் அணி இல்லை. புள்ளிவிவர ஏட்டில் இடம்பெற்றும் எந்த ஊரின் வரலாற்றிலும் இடம்பெறாத வெற்றியாக அது நிற்கிறது.

சேலத்தின் மைதானமும் வீரர்களும்

சேலம் அணியின் வரலாறு அதன் முதல் ஆட்டத்திற்கு ஓராண்டுக்கு முன் தொடங்குகிறது. சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி திறந்துவைக்க, ராகுல் திராவிட் விழாவில் பங்கேற்றார். மைதானம் முந்த, அணி பிந்தியது.

2021 பருவம் முழுவதும் சேப்பாக்கத்திலேயே நடந்தது. சேலத்தின் பெயரால் ஆடிய அணி தன் முதல் பருவத்தில் சேலத்தில் ஆடவில்லை. அந்த ஆண்டு அதன் நிலை தூத்துக்குடி அணியின் நிலையிலிருந்து வேறுபடவில்லை. 2022-இல் வாழப்பாடியில் போட்டிகள் நடந்தபோதுதான் வேறுபாடு உண்டானது. 2023-இலும் அங்கு ஆட்டங்கள் நடந்தன. 2024 பருவம் ஜூலை 5 அன்று அம்மைதானத்திலேயே தொடங்கியது. ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் பகுதியினரும் சென்றுவரக்கூடிய தொலைவில் தொழில்முறை ஆட்டம் நிகழத் தொடங்கியது.

இங்கும் ஒரு வரம்பு உண்டு. போட்டியில் ஒவ்வொரு அணிக்கும் தனித்த சொந்த மைதானம் என்ற முறை முழுமையாக இல்லை. எல்லா அணிகளும் நகரம் நகரமாகக் கூட்டாகச் சென்று, ஓரிடத்தில் சில நாள் ஆடி, அடுத்த இடத்திற்குச் செல்கின்றன. 2024-இல் வாழப்பாடியில் தொடக்க ஆட்டத்தை ஆடியவை சேப்பாக்கம், கோவை அணிகள். சேலம் மக்கள் தம் அணியை மட்டுமின்றிப் பிற அணிகளையும் காண்கின்றனர். மைதானம் அணிக்கு உரியதாக இல்லாமல் ஊருக்கும் போட்டிக்கும் உரியதாக இருக்கிறது. அணியின் நோக்கில் இது குறை. ஊரின் நோக்கில் ஒரு காப்பு. அணி சென்றாலும் மைதானம் செல்லாது.

வீரர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், டென்னிஸ் பந்தில் ஆடித் தொடங்கி, சென்னை லீக் ஆட்டங்கள் வழியாக உயர்ந்தவர். 2016-இல் அவர் ஆடியது திண்டுக்கல் அணிக்காக. அடுத்த ஆண்டே பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஐ.பி.எல். ஏலத்தில் எடுத்தது. 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அதே ஊரைச் சேர்ந்த ஜி. பெரியசாமி 2019 இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்திச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பையைப் பெற்றுத்தந்தார். சேலத்திற்கு அணி இல்லாத காலத்தில் சேலத்து வீரர்கள் பிற ஊர்களின் பெயரால் வென்றனர்.

அணி வந்த பிறகும் இது முற்றிலும் மாறவில்லை. 2023 முதல் ஏலமுறை வந்தது. அவ்வாண்டில் நடராஜன் திருச்சி அணிக்குச் சென்றார். உரிமையணி முறையில் வீரரின் பிறந்த ஊர் ஒரு தகுதியாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் நடராஜன் தம் ஊரில் ஒரு மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் அதைத் திறந்துவைத்தவர் தினேஷ் கார்த்திக். தூத்துக்குடிக்காக 2016 கோப்பையை ஏந்திய அதே தலைவர். தற்செயலான இந்நிகழ்வு ஒன்றை விளக்குகிறது. தலைவரும் வீரரும் அணியின் பெயரும் ஊர்விட்டு ஊர் செல்லும்போது, சின்னப்பம்பட்டியில் நிலைத்திருப்பது அங்குள்ள சிறுவர்கள் பந்து வீசும் ஆடுகளம்.

கோயம்புத்தூரில் ஒரு சென்னை அணி

கிரிக்கெட்டில் மைதானமின்றிப் பெயர் நகர்ந்தது போல, கால்பந்தில் பெயர் நிற்க மைதானம் நகர்ந்ததும் உண்டு. சென்னை சிட்டி கால்பந்து அணி 2016-17 பருவத்தில் தேசிய ஐ-லீக் போட்டியில் நுழைந்தது. 2017-18 முதல் கோயம்புத்தூர் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம் அதன் சொந்த மைதானமாக விளங்கியது. பெயர் சென்னை, களம் கோவை.

2019 மார்ச் 9 அன்று அவ்வரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று, ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே புள்ளியில் முந்தி, அது ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பட்டம் சென்னையின் பெயரில் பதிவாயிற்று. கண்டு மகிழ்ந்தது கோவை. 2020-21 பருவத்திற்குப் பின் அவ்வணி ஐ-லீக்கில் இல்லை. பெயரளவில் இழந்தது சென்னை. ஆட்டத்தை இழந்தது கோவை. தூத்துக்குடியின் நேர்மாறான நிலை இது. பெயர் தம்முடையதாக இல்லாவிடினும், கண்முன் நிகழ்ந்த ஆட்டம் ஒரு நகரத்தின் நினைவில் தங்க இயலும்.

இந்தியக் கால்பந்தின் மேல்நிலைப் போட்டியிலும் இடமாற்றம் அரிதன்று. டெல்லி டைனமோஸ் 2019-இல் புவனேசுவரத்திற்குச் சென்று ஒடிசா அணியாயிற்று. 2025-இல் ஐதராபாத் அணி டெல்லிக்குப் பெயர்ந்தது. ஓர் அணியை இழந்த டெல்லி, மற்றொரு நகரத்தின் இழப்பால் ஓர் அணியைப் பெற்றது.

அச்சம் என்னும் சான்று

இடமாற்றம் எங்கு எதிர்ப்பைச் சந்தித்தது என்பதும் நோக்கத்தக்கது. தென் இலண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணி மில்டன் கீன்ஸ் நகருக்குச் செல்ல 2002-இல் அனுமதி பெற்றது. ஆதரவாளர்கள் அவ்வாண்டிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய அணியை நிறுவி, அடித்தட்டுப் போட்டியிலிருந்து ஆடத் தொடங்கினர். பழைய அணி 1988-இல் வென்ற எஃப்.ஏ. கோப்பையின் பெருமை உட்பட விம்பிள்டன் கால மரபுகள் 2007-இல் மெர்ட்டன் உள்ளாட்சிக்கே திருப்பித் தரப்பட்டன. 2020-இல் புதிய அணி தன் பழைய பகுதியான பிளவ் லேனுக்குத் திரும்பியது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்குச் செல்வதாக 1995-இல் அறிவிக்கப்பட்டபோது, நகரம் போராடி ஓர் உடன்பாட்டைப் பெற்றது. உரிமையாளரும் வீரர்களும் செல்லலாம். பெயரும் நிறமும் வரலாறும் கிளீவ்லாந்திலேயே தங்கும் என்பது அதன் சாரம். 1999-இல் அதே பெயரில் அணி மீண்டும் அங்கு ஆடியது. மேற்கண்ட 2016 கோப்பை பற்றிய வினாவுக்கு இவ்விரு நகரங்களும் தந்த விடை ஒன்றே: வெற்றி ஊருக்கு உரியது.

தமிழகத்தில் இத்தகைய உணர்வு இல்லை என்று கூற இயலாது. 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கோரி எழுந்த போராட்டத்தின்போது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் ஒன்றுடன் நின்று புனேவுக்கு மாற்றப்பட்டன. மேட்டூர் அணையின் நீரை நம்பிய உழவர்களின் கோரிக்கை அந்நாளில் முதன்மை பெற்றது. ஆட்டம் விலக நேர்ந்தது. ஆயினும் அடுத்த ஆட்டத்தைக் காண ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து தனி இரயிலில் புனே சென்றனர். சேப்பாக்கத்தில் பத்தாண்டுகளாக வளர்ந்த பழக்கம் அவர்களை அழைத்துச் சென்றது. ஆகவே தூத்துக்குடியின் அமைதிக்கு மக்களின் பற்றின்மையைக் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. பற்று வேர்விட அங்கு இடம் தரப்படவில்லை.

சேலத்தின் பழைய பாடம்

ஒரு தொழில் தன் ஊரைவிட்டு நீங்குவதைச் சேலம் முன்பே கண்டிருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கிருந்து வந்தது. 1963-இல் சுந்தரம் மறைந்தார். திரைத்தொழில் சென்னையில் குவிந்தது. நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு.

அவ்வளைவு இருப்பதனால்தான் அங்கு ஒரு படநிறுவனம் இருந்தது என்பதை வழிப்போக்கரும் அறிகின்றனர். தூத்துக்குடியின் கிரிக்கெட் அணிக்கு அத்தகைய வளைவுகூட இல்லை. ஊரில் கட்டப்பட்ட ஒன்று, தொழில் நீங்கிய பின்னும் நினைவைத் தாங்குகிறது என்பதே சேலத்தின் பழைய அனுபவம் தரும் பாடம்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் இடமாற்றம் விதிவிலக்காக இல்லாமல் இயல்பாகவே இருந்துள்ளது. அதனால் சேலம் போன்ற ஊர்கள் பயன்பெற்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஓர் அணியும் நகராதிருந்தால் சேலத்தின் பெயர் பட்டியலில் ஏறியிராது. இடமாற்றத்தை முற்றிலும் கண்டிக்கும் தகுதி சேலத்திற்கு இல்லை.

இரண்டாவதாக, ஊர்ப்பெயர் தனித்து நின்று அணியையோ ஊரையோ காப்பதில்லை. போட்டி நடந்த இடங்களில் அணிகள் நிலைத்தன. நடவாத நான்கு இடங்களிலிருந்து அவை நீங்கின. ஆகவே ஓர் ஊரின் பெயரைப் பயன்படுத்தும் அணி, ஆண்டுதோறும் குறைந்தது சில ஆட்டங்களையேனும் அவ்வூரிலோ அதன் மாவட்டத்திலோ ஆட வேண்டும் என்பதை உரிமை ஒப்பந்தத்தின் பகுதியாக்குவது பொருத்தமாகும். மாவட்டத்து வீரர் சிலரை அணியில் சேர்ப்பதும் அவ்வாறே.

மூன்றாவதாக, அணி இடம்பெயர்ந்தாலும் அதன் வரலாறு ஊரிலேயே பதிவாக வேண்டும். 2016 கோப்பையைத் தூத்துக்குடியின் வெற்றியாகவே வரலாறு எழுத வேண்டும். சேலத்தின் வரலாறு 2022-இல் வாழப்பாடியில் வீசப்பட்ட முதல் பந்திலிருந்து தொடங்க வேண்டும். நாளை இவ்வணி வேறொரு பெயர் பூண்டு வேறொரு நகரத்திற்குச் செல்லுமாயின், சேலத்திற்கு எஞ்சப்போவது அதன் பழைய பெயரால் வந்த பெருமை ஆகாது. காட்டுவேப்பிலைப்பட்டியிலும் சின்னப்பம்பட்டியிலும் உள்ள ஆடுகளங்களும், அங்கு அமர்ந்து ஆட்டம் கண்டவர்களின் நினைவுமே எஞ்சும். அவை எஞ்சும் அளவுக்கே அணி சேலத்தினுடையதாக இருந்தது என்று பின்னாளில் சொல்ல இயலும்.